தேடல் பெட்டியில் தெரியும் சந்தை

வாங்குபவரின் மனத்தை விற்பவர் அறிய முயல்வது வணிகம் தோன்றிய நாள்முதல் இருந்துவருகிறது. அந்த முயற்சி சந்தை ஆய்வு என்னும் தனித்துறையாக வளர்ந்த பின்னும், வினாநிரலோடு வீடு வீடாகச் சென்று கேட்பதும், எட்டுப் பத்துப் பேரை ஓரிடத்தில் அமர்த்திப் பேசவைப்பதும், கடைகளின் விற்பனைக் கணக்கைத் தொகுப்பதுமே நெடுங்காலம் அதன் முதன்மையான வழிகளாக நீடித்தன. இவற்றுள் கேட்டறியும் முறைகளுக்கெல்லாம் பொதுவான குறை ஒன்று உண்டு. கேள்வி கேட்க வந்தவர் முன்னிலையில் தம்மைச் சற்று உயர்த்திக் காட்டவே மனிதர் விரும்புவர் என்பதால், வாரத்தில் எத்தனை நாள் சிறுதானியம் சமைக்கப்படுகிறது என்ற வினாவுக்குக் கிடைக்கும் விடைக்கும் அந்த வீட்டு அடுப்பில் ஏறும் அரிசிக்கும் இடையே இடைவெளி விழுகிறது. ஆய்வாளர்கள் இதைச் சமூக ஏற்புச் சாய்வு என்பர். பிறர் மெச்சும்படி விடை சொல்லும் மனச்சாய்வு என்பதே அதன் பொருள். தேடுபொறியின் பெட்டியில் சொல்லைத் தட்டச்சு செய்பவருக்கு அந்தச் சாய்வு பெரும்பாலும் இருப்பதில்லை. அவர் எவருக்கும் விடை சொல்லவில்லை, தமக்குத் தேவையானதைக் கேட்கிறார். அமெரிக்க ஆய்வாளர் சேத் ஸ்டீபன்ஸ் டேவிடோவிட்ஸ் 2017இல் எழுதிய 'எவ்ரிபடி லைஸ்' என்னும் நூல் இந்த வேறுபாட்டையே அடித்தளமாகக் கொண்டது.

இவ்வாறு குவியும் கேள்விகளின் ஏற்ற இறக்கத்தை எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி திறந்துவைத்தது, 2006 மே மாதத்தில் அறிமுகமான கூகுள் டிரெண்ட்ஸ் சேவை. விளம்பரதாரர்களையும் ஆய்வாளர்களையும் கருதி 2008இல் 'இன்சைட்ஸ் ஃபார் சர்ச்' என்ற விரிவான வடிவம் வெளிவந்து, 2012இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. 2004 முதலான தேடல்களை நாடுவாரியாகவும் இந்தியாவில் மாநிலவாரியாகவும் இன்று இதில் காண முடிகிறது. இலவசமாகக் கிடைக்கும் எதையும் அவசரமாகப் பயன்படுத்திவிடுவது வழக்கம் என்பதாலேயே, இந்த வரைபடம் உண்மையில் எதை அளக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நூறு என்பது எண்ணிக்கை அன்று

கூகுள் டிரெண்ட்ஸ் காட்டும் எண்கள் 0 முதல் 100 வரை அமையும்; அவை தேடல்களின் எண்ணிக்கை அல்ல, குறியீட்டெண்கள். தேர்ந்தெடுத்த இடத்தில், தேர்ந்தெடுத்த காலத்தில் நடந்த மொத்தத் தேடல்களுள் குறிப்பிட்ட சொல்லுக்கு உரிய பங்கு முதலில் கணக்கிடப்படுகிறது. பிறகு அந்தப் பங்கு மிக அதிகமாக இருந்த வாரத்துக்கோ மாதத்துக்கோ 100 என்ற மதிப்பு தரப்பட்டு, மற்றவை அதற்கேற்பச் சுருக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு மாநிலத்தில் ஒரு வாரம் 10 லட்சம் தேடல்கள் நிகழ்ந்து அவற்றுள் 1,000 ஒரு பொருளைப் பற்றியவை என்றும், சில ஆண்டுகள் கழித்து அதே வாரத்தில் 40 லட்சம் தேடல்கள் நிகழ்ந்து அவற்றுள் 2,000 அப்பொருளைப் பற்றியவை என்றும் கொண்டால், தேடியவர் தொகை இருமடங்கான பின்னும் பங்கு பாதியாகிவிடுவதால், வரைபடத்தில் கோடு 100இலிருந்து 50க்கு இறங்கும். அந்தக் கோட்டை மட்டும் பார்த்து அப்பொருளுக்கு மவுசு குறைந்துவிட்டது என்று முடிவுகட்டும் நிறுவனம், வளர்கின்ற சந்தையிலிருந்து வெளியேறிவிடக்கூடும்.

இந்தியத் தரவுக்கு இந்த எச்சரிக்கை இருமடங்கு பொருந்தும். 2004இல் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் நகரத்துப் படித்தவர்களும் கணினித் தொழிலில் இருந்தவர்களும் ஆவர். ஜியோ நிறுவனம் 2016 செப்டம்பரில் சேவையைத் தொடங்கியதை அடுத்துச் செல்பேசி இணையக் கட்டணம் சரிந்தபோது, அதுவரை தேடுபொறியின் பக்கமே வராத பெருந்தொகையினர் உள்ளே வந்தனர். ஆகவே 2014ஆம் ஆண்டின் புள்ளியையும் 2019ஆம் ஆண்டின் புள்ளியையும் ஒரே கோட்டில் இணைத்துக் காட்டும் வரைபடம், உண்மையில் இரு வேறு மக்கள்தொகைகளை இணைத்துக் காட்டுகிறது. அளக்கும் முறையிலும் மாற்றங்கள் நேர்ந்துள்ளன. 2011, 2016, 2022 ஆகிய ஆண்டுகளின் தொடக்கத்தில் தரவு திரட்டும் முறையோ இடத்தைக் கண்டறியும் முறையோ திருத்தப்பட்டதை அந்த வரைபடமே சிறு குறிப்பாகத் தெரிவிக்கிறது. அந்தக் குறிப்பின்மீது பார்வை பதியாமலேயே எழுதப்படும் அறிக்கைகள் ஏராளம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. எல்லாத் தேடல்களையும் எண்ணாமல், அவற்றிலிருந்து எடுத்த ஒரு மாதிரியைக் கொண்டே இந்தக் குறியீட்டெண் கணக்கிடப்படுவதால், அதே சொல்லை அதே காலத்துக்கு இன்று தரவிறக்கினால் வரும் எண்ணும் அடுத்த வாரம் தரவிறக்கினால் வரும் எண்ணும் சிறிது வேறுபடும். பரவலாகத் தேடப்படும் சொல்லில் இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று; ஒரு மாவட்டத்தின் சிறு வணிகப் பெயரைத் தேடும்போது அது முடிவையே மாற்றிவிடும். வெவ்வேறு நாட்களில் பல முறை தரவிறக்கிச் சராசரி காண்பதே ஆய்வாளர் கையாளும் மாற்று வழி. மிகக் குறைவாகத் தேடப்படும் சொற்களுக்கு வரைபடம் 0 என்று காட்டும். அங்கே 0 என்பதற்கு எவரும் தேடவில்லை என்பது பொருளன்று, அளக்கத் தக்க அளவில் தேடவில்லை என்பதே பொருள்.

காய்ச்சல் கற்பித்த பாடம்

தேடல் தரவைக் கொண்டு விற்பனையைக் கணிக்கும் ஆய்வுகளுக்கு வழிகாட்டியாக அமைந்தது, கூகுளின் தலைமைப் பொருளியலாளராக இருந்த ஹால் வேரியன், ஹியூன்யங் சோய் ஆகிய இருவரும் 2009இல் வெளியிட்டு 2012இல் ஆய்விதழில் அச்சேற்றிய கட்டுரை. அதன் தலைப்பு நிகழ்காலத்தைக் கணிப்பது பற்றியது என்பது கருதத் தக்கது. மாதாந்திரக் கார் விற்பனை போன்ற புள்ளிவிவரங்கள் மாதம் முடிந்து சில வாரங்கள் கழித்தே வெளியாகின்றன. அந்த இடைவெளியில், நடந்துகொண்டிருப்பதையே முன்கூட்டி மதிப்பிடுவதை அவர்கள் நிகழ்காலக் கணிப்பு என்றனர். அவர்களுடைய முறை எளியது. முந்தைய மாதத்தின் விற்பனையையும் கடந்த ஆண்டு இதே மாதத்தின் விற்பனையையும் கொண்டு முதலில் ஒரு கணிப்பு செய்யப்படுகிறது; பிறகு அதனோடு தேடல் குறியீட்டெண்ணைச் சேர்த்துப் பிழை எவ்வளவு குறைகிறது என்று பார்க்கப்படுகிறது. கார் விற்பனை, வேலையிழப்பு உதவித்தொகை விண்ணப்பம், சுற்றுலா, நுகர்வோர் நம்பிக்கை ஆகியவற்றில் தேடல் தரவைச் சேர்த்த கணிப்புகள் 5 முதல் 20 சதவீதம் வரை மேம்பட்டதாக அவர்கள் கண்டனர். தேடல் தரவு இங்கே தனித்து நிற்கவில்லை, பழைய கணக்கின்மேல் ஏறி நின்றே பயன் தந்தது என்பதுதான் இந்த முடிவின் உயிர்.

அந்த நிபந்தனையை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு மருத்துவத் துறையின் நிகழ்வு ஒன்றே போதுமான சான்று. அமெரிக்காவில் ஃபுளூ காய்ச்சலின் பரவலை, மருத்துவர்களிடம் வருவோர் கணக்கைத் தொகுத்து நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவிப்பதற்கு ஓரிரு வாரங்கள் ஆகும். அந்தத் தாமதத்தைப் போக்க 2008 நவம்பரில் கூகுள் ஃபுளூ டிரெண்ட்ஸ் தொடங்கப்பட்டது. மக்கள் அதிகம் தேடிய 5 கோடிச் சொற்றொடர்களைக் கடந்த ஆண்டுகளின் காய்ச்சல் கணக்கோடு ஒப்பிட்டு, மிக நெருங்கிப் பொருந்திய 45 தேடல்களைப் பொறுக்கியெடுத்து அமைத்த இம்முறையை விளக்கும் கட்டுரை 2009இல் 'நேச்சர்' இதழில் வெளியாகிப் பெரும் வியப்பை ஏற்படுத்தியது. 5 கோடிச் சொற்களை ஒரு கோட்டோடு பொருத்திப் பார்த்தால் தொடர்பே இல்லாத சிலவும் தற்செயலாகப் பொருந்தும் என்ற ஆபத்து அதில் தொடக்கத்திலேயே இருந்தது. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்துப் போட்டிகள் நடைபெறும் பருவமும் காய்ச்சல் பருவமும் ஒன்றாக இருப்பதால், கூடைப்பந்து பற்றிய தேடலும் காய்ச்சல் கணக்கோடு அழகாகப் பொருந்தி நின்றது. இரு எண்வரிசைகள் சேர்ந்து ஏறி இறங்குவதைப் புள்ளியியலில் ஒட்டுறவு என்பர். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அது சொல்வதில்லை.

2009 வசந்த காலத்தில் பருவம் தவறி எச்1என்1 வகை ஃபுளூ பரவியபோது இந்த முறை அதைக் குறைத்து மதிப்பிட்டது. 2012-13 குளிர்காலத்திலோ, மையத்தின் கணக்கைப் போல இருமடங்குக்கும் மேலாகக் காட்டியது. டேவிட் லேசர் முதலான நால்வர் 2014 மார்ச் மாதம் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, 2011 ஆகஸ்ட் முதலான 108 வாரங்களுள் 100 வாரங்களில் அது மிகைப்படுத்தியே கணித்ததைச் சுட்டிக்காட்டியது. செய்திகளால் அச்சமுற்ற உடல்நலமுள்ளோரும் காய்ச்சலைத் தேடியது ஒரு காரணமாகக் கருதப்பட்டது. தேடுபொறி தானாகவே அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்கும் வசதி போன்ற மாற்றங்கள் மக்களின் தேடலையே மாற்றியது மற்றொரு காரணம். அந்தக் கட்டுரையில் சந்தை ஆய்வாளர் மனத்தில் பதிக்க வேண்டிய பகுதி வேறொன்று: மையம் வெளியிட்ட சில வாரப் பழைய கணக்கை வைத்துச் செய்த எளிய மதிப்பீடே அந்தப் பெரிய இயந்திரத்தைவிடச் சரியாக இருந்தது, இரண்டையும் சேர்த்தபோது அதைவிடச் சிறந்த விடை கிடைத்தது. 2015இல் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது.

திரைப்படம், வீடியோ விளையாட்டு, பாடல் ஆகியவற்றின் வெற்றியைத் தேடல் கொண்டு கணிக்க முடியுமா என்று யாஹூ ஆய்வாளர்கள் 2010இல் செய்த ஆய்வும் இதையே வேறு வகையில் உறுதி செய்தது. கணிக்க முடிகிறது; ஆனால் படத்தின் செலவு, திரையரங்குகளின் எண்ணிக்கை போன்ற தகவல்கள் ஏற்கெனவே கையில் இருக்குமானால், தேடல் தரவு கூட்டித்தரும் துல்லியம் சிறிதளவே.

கவனம் வேறு, வாங்கும் எண்ணம் வேறு

ஒரு பொருளைத் தேடுவோர் எல்லாரும் அதை வாங்க நினைப்போர் அல்லர். 2015 ஜூன் மாதத் தொடக்கத்தில், அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் ஈயம் இருப்பதாகக் கூறி மேகி நூடுல்ஸைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும்படி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது; ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்க, நவம்பரில் பொருள் மீண்டும் கடைக்கு வந்தது. கடைகளில் ஒரு பொட்டலம்கூடக் கிடைக்காத அந்த ஜூன் மாதத்தில்தான் நாடு முழுவதும் மேகியைப் பற்றிய தேடல் பொங்கி எழுந்தது. தேடல் வரைபடத்தையே தேவையின் அளவுகோலாகக் கொண்ட எந்திரம் ஒன்று அன்று இருந்திருந்தால், உற்பத்தியைப் பெருக்கும்படி அது ஆணையிட்டிருக்கும்.

தங்கத்தில் இந்தச் சிக்கல் நாள்தோறும் நிகழ்கிறது. விலை திடீரென ஏறும் நாளில் தங்கம் விலையைத் தேடுவோருள், திருமணத்துக்கு நகை எடுக்க வேண்டியவரும் இருப்பார், அடகு வைக்கப் போகிறவரும் இருப்பார், பழைய நகையை விற்க நினைப்பவரும் இருப்பார், வாங்கும் எண்ணத்தை ஒத்திப்போட்டவரும் இருப்பார். நகைக்கடையின் கல்லாவுக்கு இவர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு பொருள் உடையவர்கள். செய்கூலி, சேதாரம், சீட்டு ஆகிய சொற்களோடு சேர்த்துத் தேடப்படும் தேடலே கடைக்கு நெருங்கியவரின் தேடல். வெறும் விலைத் தேடல் அப்படியன்று. சொல்லுக்குப் பின்னால் உள்ள நோக்கத்தைப் பிரித்தறியும் இந்த வேலையைச் செய்யாத அறிக்கைக்குச் சந்தை ஆய்வு என்ற பெயர் பொருந்தாது.

இங்கே நாட்காட்டியும் குறுக்கிடுகிறது. தீபாவளி 2023இல் நவம்பர் 12ஆம் நாளும், 2024இல் அக்டோபர் 31ஆம் நாளும், 2025இல் அக்டோபர் 20ஆம் நாளும் வந்தது. அட்சய திருதியை 2023இல் ஏப்ரல் 22இலும் 2024இல் மே 10இலும் வந்தது. சென்ற ஆண்டின் அக்டோபரோடு இந்த ஆண்டின் அக்டோபரை ஒப்பிடும் பருவகாலத் திருத்தம் மேலை நாட்டுக் கிறிஸ்துமஸ் விற்பனைக்குச் சரியாக இருக்கலாம். பட்டுப்புடவைக்கும் பட்டாசுக்கும் அது பொய்யான ஏற்றத்தையும் பொய்யான வீழ்ச்சியையும் காட்டும். பண்டிகைக்கு எத்தனை வாரம் முன், எத்தனை வாரம் பின் என்று வாரங்களை அடுக்கி ஒப்பிடுவதே இங்கே பொருந்தும் வழி.

பெயர்களுக்கிடையேயான போட்டியை அளக்கவும் தேடல் பயன்படுகிறது. ஒரு பொருள்வகையில் உள்ள எல்லா பிராண்டுகளுக்குமான தேடலில் ஒன்றுக்கு மட்டும் கிடைக்கும் பங்கைத் தேடல் பங்கு என்பர். பிரிட்டனைச் சேர்ந்த விளம்பரத் துறை ஆய்வாளர் லெஸ் பினே, கார், எரிசக்தி, செல்பேசி ஆகிய மூன்று வகைகளில் இந்தப் பங்கு சந்தைப் பங்கோடு சேர்ந்து நகர்வதையும், சிலவற்றில் முன்கூட்டியே நகர்வதையும் 2020இல் எடுத்துக்காட்டினார். காரும் செல்பேசியும் வாங்கும் முன் பலமுறை யோசித்துத் தேடப்படுபவை. உப்பையும் தீப்பெட்டியையும் எவரும் தேடி வாங்குவதில்லை என்பதால், அந்தக் கண்டுபிடிப்பை மளிகைப் பொருள்களுக்கு அப்படியே நீட்டிப்பது பிழையாகும்.

ஒரு தானியம், மூன்று பெயர்

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இந்தத் தரவின் மிகப் பெரிய சிக்கல் புள்ளியியலில் இல்லை, சொல்லில் இருக்கிறது. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த பின், பல நிறுவனங்கள் இந்தச் சந்தையில் இறங்கின. அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டில் கேழ்வரகு மாவை விற்க விரும்பி, அதற்கான தேவையைத் தேடல் தரவில் காண முயல்வதாகக் கொண்டால், எந்தச் சொல்லை இடுவது என்பதே முதல் வினாவாகும். பாடநூலிலும் பொட்டலத்தின் மேலும் அது கேழ்வரகு; ஊர்ப்புறப் பேச்சில் பல இடங்களில் கேப்பை; கன்னட நாட்டை ஒட்டிய பகுதிகளிலும் நகரத்துக் கடைகளிலும் ராகி. கேப்பைக்கூழ் குடித்து வளர்ந்தவரும், குழந்தைக்கு ராகி மால்ட் தேடும் இளம் தாயும், கேழ்வரகு என்று தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் ஒரே தானியத்தைத் தேடினாலும், வரைபடத்தில் அவர்கள் மூன்று தனிக் கோடுகளாகவே விழுவர்.

இதற்கு மேல், தமிழைத் தமிழ் எழுத்திலேயே தட்டச்சு செய்வோர் ஒரு பகுதியினர் மட்டுமே. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் இடுவோர் கேழ்வரகின் ழகரத்தை இசட்-எச் என்று எழுதுவதும் உண்டு, எல் என்று எழுதுவதும் உண்டு, எல்-எச் என்று எழுதுவதும் உண்டு. குதிரைவாலியின் தகரத்தை டி-எச் என்பாரும் டி என்பாரும் உளர். தேடற்சொல்லாக இடப்படும்போது கூகுள் டிரெண்ட்ஸ் எழுத்துப் பிழைகளையோ வேற்று வடிவங்களையோ தானாகச் சேர்த்துக்கொள்வதில்லை. இட்டது எதுவோ அதை மட்டுமே எண்ணுகிறது. ஐந்தாறு வடிவங்களாகச் சிதறிய தேடல், ஒவ்வொரு வடிவத்திலும் அளவுக்குக் கீழே விழுந்து 0 என்று காட்டப்படுமானால், உண்மையில் இருக்கும் தேவை தரவில் இல்லாமலே போகிறது. மொழிகளைக் கடந்து ஒரு பொருளைப் பற்றிய தேடல்களைத் திரட்டித் தரும் 'தலைப்பு' என்ற வசதி இதை ஓரளவு ஈடு செய்கிறது. ஆயினும் வட்டார வழக்குச் சொல்லும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழும் அதனுள் எவ்வளவு அடங்குகின்றன என்பது வெளியிலிருந்து தெரிவதில்லை.

ஒரே சொல் பல பொருள் தருவது இதன் மறுபக்கம். கம்பு என்பது தானியமும் ஆகும், தடியும் ஆகும். ஆச்சி என்பது மசாலாவின் பெயராகவும், நடிகை மனோரமாவைக் குறிக்கும் அன்புப் பெயராகவும், செட்டிநாட்டு வீடுகளில் மூத்த பெண்மணியைக் குறிக்கும் உறவுச்சொல்லாகவும் வழங்குகிறது. உடன்வரும் சொல்லைச் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் பிரியும். தேடலோடு தொடர்புடைய பிற தேடல்களை வரைபடத்தின் கீழே பட்டியலிட்டுத் தரும் பகுதியே சந்தை ஆய்வாளருக்கு மேலே உள்ள கோட்டைவிடப் பயனுள்ளது என்று துணிந்து சொல்லலாம். ராகியோடு ஆறு மாதக் குழந்தை என்ற சொற்கள் சேர்ந்தால் அங்கே ஒரு தாய் நிற்கிறார். சர்க்கரை நோய் சேர்ந்தால் மருத்துவரைக் கண்டு திரும்பிய ஒருவர். களி, அடை, புட்டு சேர்ந்தால் இரவுச் சமையலுக்கு நிற்பவர். பொட்டலத்தின் அளவும், மேலே அச்சிட வேண்டிய வாசகமும், விற்க வேண்டிய இடமும் இந்த மூவருக்கும் வேறு வேறு. அந்தப் பட்டியலில் சில தேடல்களுக்கு நேரே சதவீதத்துக்குப் பதிலாக 'பிரேக்அவுட்' என்ற சொல் காணப்படும். தேடல் 5,000 சதவீதத்துக்கு மேல் பெருகியதை அது குறிக்கும். முன்பு ஏறக்குறைய எவருமே தேடாத ஒன்றைச் சிலர் தேடினாலும் அந்தச் சதவீதம் எட்டப்படும் என்பதால், அந்தச் சொல்லைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

தேடுபொறிக்கு வெளியே நடக்கும் தேடலும் கணக்கில் வர வேண்டும். சமையல் குறிப்பை யூடியூபிலும், பொருளை அமேசான் செயலிக்குள்ளேயும் நேரடியாகத் தேடுவோர் கூகுள் தேடலின் கோட்டில் தெரிவதில்லை. யூடியூபுக்கு மட்டும் 2008 முதலான தரவை டிரெண்ட்ஸிலேயே தனியாகப் பார்க்கலாம். சீனாவில் பைடு, தென்கொரியாவில் நேவர், ரஷ்யாவில் யாண்டெக்ஸ் என்று அந்தந்த நாட்டுத் தேடுபொறிகளுக்குத் தனித்தனித் தரவுச் சேவைகள் உள்ளதால், ஏற்றுமதி செய்வோர் கூகுள் வரைபடத்தை மட்டும் வைத்து அந்நாடுகளைப் பற்றி முடிவெடுப்பது வீண்.

இந்தத் தரவு தனிமனிதரைக் காட்டாமல் திரளை மட்டுமே காட்டுவது அதன் குறை அன்று, காப்பு. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் சுமார் 6.5 லட்சம் பயனாளர்களின் 2 கோடி அளவிலான தேடல்களை, பெயர்களை நீக்கி எண்கள் மட்டும் இட்டு, ஆய்வுக்கென வெளியிட்டது. சில நாட்களுக்குள்ளாகவே ஒரு பயனாளர் யார் என்பதை அவருடைய தேடற்சொற்களைக் கொண்டே செய்தியாளர்கள் கண்டுபிடித்துவிட்டனர். நோயையும் கடனையும் துயரத்தையும் மனிதர் நம்பிக் கேட்கும் இடம் அந்தப் பெட்டி என்பதை, அதைச் சந்தைக்காகப் படிக்கும் எவரும் மறக்கலாகாது.

தமிழ்நாட்டு நிறுவனங்கள் இந்தத் தரவால் பயன்பெற இரண்டு ஏடுகள் தேவைப்படுகின்றன. ஒன்று, வாரவாரியாக எழுதப்பட்ட சொந்த விற்பனைக் கணக்கு. அது ஒவ்வொரு வணிகரின் கையிலேயே இருக்கிறது, இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கு இருந்தால் தேடல் கோட்டை அதன் அருகே வைத்துப் பார்க்கத் தொடங்கலாம். மற்றொன்று, ஒரே பொருளுக்கு மாவட்டந்தோறும் வழங்கும் பெயர்களையும், அவற்றை மக்கள் ஆங்கில எழுத்தில் இடும் வடிவங்களையும் தொகுத்த சொற்பட்டியல். அதைத் தனியொரு நிறுவனம் செய்துவிட முடியாது. வட்டார வழக்கை அறிந்த தமிழ்த்துறைகளும் சந்தையை அறிந்த வணிகவியல் துறைகளும் நம் பல்கலைக்கழகங்களில் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. அவை இணைந்து இந்தப் பட்டியலை உருவாக்கி எவரும் பயன்படுத்தும்படி வெளியிட வேண்டும். கேழ்வரகிலிருந்தே அதைத் தொடங்கலாம்.